பச்சை நிற வரைபடமும் சி பிளாக் தரைத்தளமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று பலகையில் போட்ட கணக்கையும் சேர்த்திருக்கிறேன்.)



போன ஐப்பசி மழையின்போது சி பிளாக் தரைத்தளத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவர் மனைவி 108-க்கு அடித்தார்கள், போகவில்லை. ஹாலுக்கு வந்து அடித்தார்கள், அங்கேயும் போகவில்லை. மாடி ஏற அவர்களுக்கு முழங்கால் இடம் கொடுக்காது. வாசலில் நின்று கத்தியதைக் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். அவர் செல்லிலும் டவர் இல்லை. மொட்டை மாடிக்கு ஓடிப் போய் அங்கிருந்து பேசினார். இருபது நிமிடம் வீணாகிவிட்டது. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

சங்கத்தின் சார்பில் செல்போன் கம்பெனிக்குப் புகார் அனுப்பினோம். "எங்கள் வரைபடத்தின்படி உங்கள் பகுதி முழுவதும் கவரேஜ் உள்ளது" என்று பதில் வந்தது. படத்தைப் பார்த்தால் நம் தெரு, நம் கட்டடம் எல்லாமே பச்சை. கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன். "இது பொய்ப் படம்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவனே நான்தான்.

அதன் பிறகு இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, சி பிளாக்கில் சிக்னல் பூஸ்டர் மாட்டுவது. அதற்கு ஒருவர் கொட்டேஷனே வாங்கி வந்துவிட்டார், இன்றைய அஜெண்டாவிலும் இருக்கிறது. இரண்டாவது, நம் மொட்டை மாடியிலேயே டவர் வைக்க இடம் கொடுப்பது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்கள் கணக்குப் பார்த்தவர். ஓட்டுக்கு விடும் முன் அந்தப் படம் எப்படி வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அதனால்தான் நிற்கிறேன். நான் இன்ஜினீயர் இல்லை. பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். தப்பு இருந்தால் இங்கே இருக்கும் இன்ஜினீயர்கள் திருத்த வேண்டும்.

படம் வரும் விதம்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் கொண்டுவந்த சேவைத்தர விதிமுறைகளின்படி, எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் போட வேண்டும். இது நல்ல விதி. ஆனால் அதைப் பார்க்கும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். எந்தக் கம்பெனியும் நாட்டின் ஒவ்வொரு சதுர அடியிலும் ஆளை நிறுத்தி அளந்து படம் போட முடியாது. ரேடியோ அலை எவ்வளவு தூரம், எவ்வளவு பலத்தோடு போகும் என்று மென்பொருளில் கணக்குப் போடுகிறார்கள். சில சாலைகளில் வண்டியில் கருவியை வைத்து ஓட்டி அளந்து அந்தக் கணக்கைச் சரிசெய்கிறார்கள். அதற்கு டிரைவ் டெஸ்ட் என்று பெயர்.

இந்த மாதிரி மென்பொருள் நமக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. கனடாவைச் சேர்ந்த ரோஜர் கூடே என்ற ஹாம் ரேடியோக்காரர் எழுதிய 'ரேடியோ மொபைல்' அதில் பெயர் பெற்றது. ஜான் மக்லியாகேன் என்ற அமெரிக்க ஹாம் எழுதிய 'ஸ்ப்ளாட்' லினக்ஸில் ஓடுவது. பி பிளாக் தம்பி ஒருவர் உதவியோடு ரேடியோ மொபைலை என் கம்ப்யூட்டரில் போட்டேன். டவர் இருக்கும் இடம், ஆன்டெனா உயரம், சக்தி, அலைவரிசை ஆகியவற்றைக் கேட்கும். கொடுத்தால் சுற்றுவட்டாரத்தை வண்ணம் தீட்டித் தரும்.

முதல் முறை ஓட்டியதும் என்ன வந்தது தெரியுமா? நம் குடியிருப்பு முழுவதும் பச்சை. பேஸ்மென்ட் பார்க்கிங் உட்பட! கம்பெனிப் படத்தைப் பொய் என்று எழுதியவன், அதே பொய்யை என் வீட்டு மேஜையிலேயே தயாரித்துவிட்டேன். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. நான் அதனிடம் கேட்ட கேள்வி வேறு, என் மனதில் இருந்த கேள்வி வேறு.

மென்பொருளுக்கு என்ன தெரியும்?

ரேடியோ மொபைலும் ஸ்ப்ளாட்டும் லாங்லி-ரைஸ் என்ற முறையில் கணக்குப் போடுகின்றன. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரின் அரசு ஆய்வகத்தில் அனிதா லாங்லி என்ற அம்மையாரும் ஃபில் ரைஸ் என்பவரும் 1968-இல் வெளியிட்ட முறை இது. அடிப்படை சுலபமானது. டவருக்கும் செல்லுக்கும் இடையே ஒரு கோடு போட்டு, வழியில் மேடு பள்ளம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும். குன்று மறைத்தால், அலை அதன் உச்சியில் எவ்வளவு வளைந்து இறங்கும் என்று கணக்கிடும்.

மேடு பள்ளம் அதற்கு எப்படித் தெரியும்? 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து, வடக்கே 60 டிகிரியிலிருந்து தெற்கே 56 டிகிரி வரை பூமியின் நிலப்பரப்பை ரேடாரால் அளந்தது. அந்த உயரக் கணக்கு எல்லோருக்கும் இலவசம். ஆனால் அதில் நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர் அல்லது 90 மீட்டர். ஒரு கட்டத்துக்கு ஒரே ஓர் உயரம்தான். நம் சி பிளாக் 30 மீட்டர் கட்டம் ஒன்றுக்குள் அடங்கிவிடும். தரைத்தளம், குளியலறை, இரண்டு பிளாக்குக்கு நடுவே இருக்கும் சந்து எதுவும் அதற்குத் தெரியாது. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இந்தப் படம் நிறைய விஷயம் சொல்லும், ஏனென்றால் அங்கே மறைப்பது மலை. நம்மைப் போன்ற சமவெளியில் மறைப்பது செங்கல்லும் கான்கிரீட்டும். அதைச் சொல்லாமல் கேட்டால் பச்சைதான் வரும்.

நகரத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஜப்பானில் ஒகுமுரா என்பவரும் அவருடைய சகாக்களும் 1960-களில் டோக்கியோவிலும் சுற்றிலும் நிறைய இடங்களில் சிக்னலை அளந்து, 1968-இல் வரைகோடுகளாக வெளியிட்டார்கள். 1980-இல் ஹாட்டா என்பவர் அவற்றை ஒரு சூத்திரமாக்கினார். கம்ப்யூட்டருக்கு வரைகோட்டைவிடச் சூத்திரம் வசதி அல்லவா? பிறகு ஐரோப்பியர்கள் அதை 2,000 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டினார்கள். செல்போன் கணக்குகளில் வெகுகாலம் உழைத்த சூத்திரம் இது. இதில் கட்டடங்கள் தனித்தனியாக வராது. "நகரம் என்றால் சராசரியாக இவ்வளவு போகும்" என்ற அனுபவம் உள்ளே இருக்கிறது. இதை எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன்.

கணக்கு

பலகையைப் பாருங்கள். அலகு டெசிபெல். பயப்பட வேண்டாம். பெருக்கலையும் வகுத்தலையும் கூட்டல் கழித்தலாக்கும் வழி அது. கூட்டு வட்டிக்கு நாம் லாகரிதம் டேபிள் புரட்டினோமே, அதே சங்கதி. 10 டெசிபெல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு. 3 குறைந்தால் பாதி. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் 100 என்றால் அந்த ஒரு மில்லிவாட்டைப் பத்து முறை பத்தால் வகுத்தது.

நமக்குச் சிக்னல் தரும் டவர் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கருவி விவரங்களைக் கம்பெனி நமக்குத் தராது. அதனால் வழக்கமான எண்களைப் போட்டிருக்கிறேன். ஆன்டெனா உயரம் 30 மீட்டர், அலைவரிசை 1,800 மெகாஹெர்ட்ஸ்.

டவர் கருவியின் சக்தி 40 வாட்: வரவு 46.
செல் காட்டும் எண் மொத்தச் சக்தி இல்லை, 1,200 இழைகளில் ஓர் இழையின் சக்தி. அதற்காக: பற்று 31.
ஆன்டெனா சக்தியை நாலாபக்கமும் சிதறவிடாமல் ஒரு பக்கம் குவிப்பதால்: வரவு 17.
கேபிளில் விரயம்: பற்று 2.
கையில் நிற்பது: 30.
1 கிலோமீட்டர் நகர்ப்புற வழியில், சூத்திரப்படி: பற்று 136.
நம் தெருவில் இருக்க வேண்டியது: மைனஸ் 106.

பிறகு நானும் அந்தத் தம்பியும் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினோம். மெயின் கேட்டில் மைனஸ் 101. காம்பவுண்டின் பின்பக்கம் மைனஸ் 109. சி பிளாக் வெளிச்சுவருக்கு வெளியே மைனஸ் 104. கணக்கு 106 என்றது, நிஜம் 101-க்கும் 109-க்கும் நடுவே ஆடுகிறது. உத்தேச எண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கி வந்தது பாதி அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தெருவைப் பொறுத்தவரை படம் பொய்யில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ரீகன்சிலியேஷன்

காமர்ஸ் படித்தவர்களுக்கு பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் நினைவிருக்கும். வியாபாரியின் கேஷ் புக்கில் ஒரு பாக்கி, பாஸ் புக்கில் வேறொரு பாக்கி. இரண்டில் ஒன்று திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. கொடுத்த செக் இன்னும் பாஸ் ஆகவில்லை, வங்கி கமிஷன் பிடித்தது இங்கே எழுதவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தால் இரண்டும் பொருந்திவிடும். கம்பெனியின் படம் கேஷ் புக் என்றால் நம் செல் பாஸ் புக். வித்தியாசத்தை ஒவ்வொன்றாக எழுதுவோம்.

முதல் பதிவு, சுவர். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.2109 என்ற பரிந்துரையில், அலை கட்டடத்துக்குள் நுழைவதில் எவ்வளவு இழக்கும் என்ற கணக்கு இருக்கிறது. 1,800 மெகாஹெர்ட்ஸில் சாதாரணக் கட்டடத்துக்கு நடுத்தர இழப்பு சுமார் 14 டெசிபெல். அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். வெப்பம் புகாதபடி உலோகப் பூச்சுக் கண்ணாடியும் உலோகத் தாள் வைத்த காப்பும் போட்ட கட்டடத்துக்கு சுமார் 28. அதாவது அறுநூறில் ஒரு பங்கு! புதிதாக ஜன்னல் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். வெயிலைத் தடுக்கும் உலோகப் பூச்சு டவரையும் தடுக்கும்.

சி பிளாக்குக்கு வருவோம். வெளியே மைனஸ் 104. கட்டடத்துக்குள் நுழைய 14 போனால் மைனஸ் 118. ஹாலில் நாங்கள் அளந்தது 117. குளியலறைக்குப் போக இன்னும் இரண்டு செங்கல் சுவர். அவற்றுக்கு உத்தேசமாக 7 வைத்தால் மைனஸ் 125. குளியலறையில் செல் 124 காட்டியது, அடுத்த நிமிடம் 'நோ சர்வீஸ்' என்றது. மொட்டை மாடியில் மைனஸ் 88. வாட்ச்மேன் ஏன் மாடிக்கு ஓடினார் என்பதற்கு விடை இதுதான்.

இரண்டாவது பதிவு, பச்சை எங்கே முடிகிறது என்பது. இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மென்பொருள் எண்ணைத்தான் கொடுக்கும். எந்த எண் வரை பச்சை என்று தீர்மானிப்பது மனிதர். மைனஸ் 110 வரை பச்சை என்று வைத்தால், இதே டவருக்கு சுமார் 1.3 கிலோமீட்டர் வரை பச்சை. "வீட்டுக்குள்ளும் கிடைக்க வேண்டும், ஒரு சுவரின் இழப்பையாவது சேர்" என்று சொல்லி மைனஸ் 100-ஐ எல்லையாக வைத்தால், பச்சை ஏறக்குறைய 680 மீட்டரில் நின்றுவிடும். பச்சையான பரப்பளவு கால் பங்குக்குச் சற்று மேலே இறங்கிவிடும். டவர் அதேதான், சூத்திரமும் அதேதான். ஒரு எண்ணை மாற்றினால் முக்கால் பச்சை காணாமல் போகிறது, நம் குடியிருப்பும் பச்சையிலிருந்து விழுந்துவிடுகிறது. அதனால் எந்தக் கவரேஜ் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இந்த நிறம் எந்த எண்ணுக்கு? வீட்டுக்கு வெளியேயா, உள்ளேயா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாட்டாவின் சூத்திரம் 1 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்காகச் செய்தது. 680 மீட்டர் அதன் எல்லைக்குள் வராது. ஆனால் எக்ஸெல் மறுத்ததா? இரண்டு தசம ஸ்தானத்தோடு அழகாக விடை கொடுத்தது. மென்பொருளுக்கு வெட்கம் கிடையாது, எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். ஆகவே அந்த 680-ஐ உத்தேசமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பதிவு, நடுத்தரம். சூத்திரம் 106 என்றால், அந்தத் தூரத்தில் பாதி இடங்களில் அதைவிட மேல், பாதி இடங்களில் கீழ் என்று அர்த்தம். 8 டெசிபெல் அளவுக்கு ஏறுவதும் இறங்குவதும் நகரத்தில் சாதாரணம். லாங்லி-ரைஸ் முறை இதை வெளிப்படையாகவே கேட்கும்: எத்தனை சதவீத இடங்களில், எத்தனை சதவீத நேரம் கிடைக்க வேண்டும்?

நேரம் எதற்கு என்று நினைப்பீர்கள். நம்மில் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். 1980-களில் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாஹினி பார்த்தோமே! ஒரு நாள் ராத்திரி கண்ணாடி மாதிரி தெரியும், மறுநாள் வெறும் புள்ளி. ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லித் தம்பியை மாடியில் நிற்க வைப்போம். பாவம், ஆன்டெனா ஒரு தப்பும் செய்யவில்லை. கடலின் மேல் காற்றின் ஈரமும் வெப்பமும் அடுக்கடுக்காக மாறும்போது, அலை அதற்குள் மாட்டிக்கொண்டு வெகுதூரம் போகும். அடுக்கு கலைந்தால் படமும் போய்விடும். இப்படி வந்து போவதைத்தான் மென்பொருள் நேரச் சதவீதமாகக் கணக்கில் கொள்கிறது. பாதி நேரம் கிடைத்தால் போதும் என்று போட்ட படமும் 90 சதவீத நேரம் வேண்டும் என்று போட்ட படமும் ஒன்றாக இருக்காது. சினிமா பார்க்கப் பாதி நேரம் பரவாயில்லை. 108-க்கு அது போதுமா?

நான்காவது பதிவு, திரும்பும் வழி. டவர் 40 வாட்டில் பேசுகிறது. நம் செல் பேசுவது 0.2 வாட்டில். டவரின் காது கூர்மை என்றாலும், சுவரைத் தாண்டி நம் குரல் அங்கே போக வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது. நாம் பார்க்கும் கோடுகள் டவர் பேசுவது நமக்குக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. அதனால்தான் ஒரு கோடு இருந்தும் அழைப்பு போகாமல் தவிக்கிறோம்.

இந்த நான்கையும் எழுதிவிட்டால் கேஷ் புக்கும் பாஸ் புக்கும் பொருந்திவிடுகின்றன. தெரு பச்சை என்று கம்பெனி சொன்னது உண்மை. குளியலறையில் உயிர் போனாலும் கூப்பிட முடியாது என்று நாம் சொன்னதும் உண்மை. இனிமேல் "பொய்ப் படம்" என்று எழுதி அனுப்பினால் அதே பதில்தான் திரும்பி வரும். "தெருவில் 104, ஹாலில் 117, குளியலறையில் 124" என்று எழுதினால் அந்தப் பதிலை அப்படியே திருப்பி அனுப்ப முடியாது.

இரண்டு யோசனைகள் பற்றி

முதலில் பூஸ்டர். நல்ல எண்ணத்தில்தான் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் உரிமம் இல்லாமல் பூஸ்டரோ ரிப்பீட்டரோ வைத்திருப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். கடையில் கிடைக்கிறது, ஆன்லைனில் கிடைக்கிறது என்பதால் சரியாகிவிடாது. சட்டத்தை விடுங்கள், கணக்குப்படியும் தப்பு. பூஸ்டர் நம் பேச்சை மட்டும் பெரிதாக்காது, இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கி டவரின் காதில் ஊதும். வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் சரியாகப் பிரிந்திருக்காவிட்டால், மைக் ஸ்பீக்கருக்கு எதிரே போனால் 'கீ' என்று ஊளையிடுமே, அதே மாதிரி ஊளையிடும். சி பிளாக்கில் நாம் நான்கு வீட்டுக்குச் சௌகரியம் செய்துகொள்ள, அந்த டவரை நம்பும் நாலு தெருவுக்கும் கெடுதல் வரலாம். அந்தத் தெருவிலும் ஒரு பெரியவர் விழுவார்.

அடுத்து, நம் மாடியில் டவர். வாடகை வரும் என்பது வேறு விஷயம். சி பிளாக் தரைத்தளத்துக்கு அது உதவுமா என்பதுதான் கேள்வி. ரேடியோ மொபைலில் ஆன்டெனாவின் கதிர் எப்படிப் போகிறது என்று பார்த்தேன். டவர் ஆன்டெனா குண்டு பல்பு மாதிரி எல்லாப் பக்கமும் வெளிச்சம் போடாது, டார்ச் லைட் மாதிரி முன்னால் அடிக்கும். 20 மீட்டர் உயரத்தில் 6 டிகிரி கீழே சாய்த்து வைத்தால், நடுக்கதிர் தரையைத் தொடுவது ஏறக்குறைய 190 மீட்டர் தள்ளி. விளக்கின் அடியில் இருட்டு என்பார்களே, அதுதான். அடியில் சுத்தமாக இருக்காது என்று சொல்ல மாட்டேன். தூரம் குறைவு என்பதால் ஓரக்கதிர் கொஞ்சம் வரும். ஆனால் நாலு மாடிக் கான்கிரீட்டை மேலிருந்து கீழே துளைத்து அது குளியலறைக்கு வர வேண்டும். அதை நம்பி பல வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அதற்கு ஓட்டெடுப்பு தனியாக, வேறு காரணங்களுக்காக நடக்கட்டும்.

நான் முன்வைப்பவை

ஒன்று. தரைத்தள வீடுகள் எல்லாவற்றிலும் வைஃபை காலிங் வசதியை செல்லில் ஆன் செய்து வைப்போம். வீட்டு பிராட்பேண்ட் வழியாகச் சாதாரண எண்ணுக்கே பேசலாம். தெரியாதவர்களுக்கு அந்தத் தம்பி வீடு வீடாக வந்து செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும். மழையில்தான் விழுவோம், மழையில்தான் கரண்டும் போகும். ரவுட்டருக்குச் சின்ன யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும்.

இரண்டு. சி பிளாக் வராந்தாவில் சங்கச் செலவில் ஒரு பொது வைஃபை. பூஸ்டருக்கு ஒதுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

மூன்று. தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டிலிருந்து வாட்ச்மேன் அறைக்கு ஒயர் இன்டர்காம். குளியலறை வாசல் வரை நீட்டலாம். ஒயருக்கு டெசிபெல் கணக்கு வேண்டாம்.

நான்கு. வாட்ச்மேனுக்கு இரண்டு வேறு கம்பெனி சிம் உள்ள செல் ஒன்றைச் சங்கம் வாங்கித் தர வேண்டும். ஒரு டவர் மறைந்தாலும் இன்னொன்று வேறு திசையில் இருக்கும்.

ஐந்து. அளவுப் பட்டியலோடு கம்பெனிக்கு மறுபடி புகார். கட்டடத்துக்குள்ளேயே சிறு ஆன்டெனாக்கள் வைத்துத் தரும் ஏற்பாட்டை உரிமம் பெற்ற கம்பெனிகள் செய்ய முடியும், அதைக் கேட்போம். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால், அந்த எண்ணை வைத்துத்தான் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போக முடியும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக எடுத்துத் தீர்ப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றே

பட்டியலில் இதுவரை நாங்கள் இருவரும் அளந்த இடங்கள் மட்டும் இருக்கின்றன. உங்கள் வீடும் அதில் வர வேண்டும். ஆண்ட்ராய்டு செல்லில் செட்டிங்ஸ் போய், அபவுட் ஃபோன், அதில் சிம் ஸ்டேட்டஸ் பார்த்தால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று மைனஸ் எண் இருக்கும். சில மாடலில் பெயர் கொஞ்சம் மாறும். ஐஃபோனில் ஸ்டார் 3001 ஹேஷ் 12345 ஹேஷ் ஸ்டார் என்று டயல் செய்தால் அளவுப் பக்கம் திறக்கும். வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஹால், படுக்கையறை, குளியலறை ஆகிய மூன்று இடம். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. எண் நிலையாக நிற்காது, ஒரு நிமிடம் பார்த்து நடுத்தரமாக ஒன்றை எழுதுங்கள். எந்தக் கம்பெனி, 4ஜியா 5ஜியா என்பதையும் எழுதுங்கள். தாளை மாத இறுதிக்குள் ஆபீஸ் பெட்டியில் போட்டால் நான் தொகுத்துவிடுகிறேன். நல்ல சிக்னல் வருகிற வீடும் எழுத வேண்டும். எங்கே வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே வரவில்லை என்பது விளங்கும்.

வங்கியில் இருந்த காலத்தில் மேனேஜர் ஒருவர் சொல்வார்: டிரையல் பேலன்ஸ் பொருந்திவிட்டதால் எல்லா என்ட்ரியும் சரி என்று நினைக்காதே. இந்த மென்பொருள்களோடு இரண்டு மாதம் உட்கார்ந்த பிறகு அதைத்தான் நினைத்துக்கொண்டேன். கணக்கு பிரமாதமாகப் பொருந்தியிருந்தது, படமும் பச்சையாக இருந்தது. ஆனால் குளியலறையில் விழுந்தவருக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.